7,000 வெள்ளிச் சம்பளம் சென்னையில் எவ்வளவு? வாங்கும் திறன் கணக்கை நாமே போடும் முறை

சிங்கப்பூரிலிருந்து வேலைக் கடிதம் வந்ததும் வீட்டில் முதலில் நடப்பது ஒரு பெருக்கல். மாதம் 7,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 4,55,000. சென்னையில் கைக்கு வருவது 1,30,000 என்றால் மூன்றரை மடங்கு, கிளம்ப வேண்டியதுதான் என்று பேச்சு முடிந்துவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்த உறவினர் ஒருவர் "அப்படிப் பார்க்கக் கூடாது, பிபிபி போடணும்" என்பார். உலக வங்கிப் பட்டியலைத் திறந்து, வெள்ளிக்கு 25 ரூபாய்தான் என்று கணக்கிட்டு 1,75,000 என்று சொல்வார். இரண்டு எண்ணுமே அந்தக் குடும்பத்துக்கு உரியவை அல்ல. சரியான எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு எக்செல் தாள், இரண்டு ஊர்க் கடை விலைகள் போதும்.

முதலில் அந்த 25 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பிபிபி என்பது வாங்கும் திறன் சமநிலை. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இங்கே வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்ற எண் அது. உலக வங்கி ஒருங்கிணைக்கும் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் புள்ளியியல் துறைகள் ஒரே மாதிரியான பொருள்களுக்கு விலை எடுத்து அனுப்புகின்றன. 2017-ஆம் ஆண்டுச் சுற்றில் இந்தியாவுக்குக் கிடைத்த எண் 20.65 ரூபாய். அந்த ஆண்டு சந்தையில் டாலர் விலை 65.12. அதாவது விலைமட்டம் அமெரிக்காவில் 100 என்றால் இந்தியாவில் ஏறத்தாழ 32. அதற்குப் பிறகும் இந்தியாவின் எண் 20-ஐ ஒட்டியே இருக்கிறது. சிங்கப்பூரின் எண் சுமார் 0.8 வெள்ளி. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 25.

இவ்வளவு இடைவெளி ஏன்? முடிவெட்டும் கடையைப் பாருங்கள். மயிலாப்பூரில் 20 நிமிடத்தில் வெட்டுகிறார்கள், சிங்கப்பூரின் தேக்காவிலும் 20 நிமிடம்தான். கத்தரி ஒன்று, கைத்திறனும் ஒன்று. ஆனால் சிங்கப்பூரில் சிப் தொழிற்சாலையும் துறைமுகமும் வங்கியும் ஆளுக்கு மிக அதிகமாக உற்பத்தி செய்வதால் அங்கே பொதுக் கூலி மட்டமே உயர்ந்திருக்கிறது. முடிவெட்டுபவருக்கு அந்த அளவுக்குக் கொடுக்காவிட்டால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். முடிவெட்டைக் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது என்பதால் விலை சமப்படுவதும் இல்லை. ஏற்றுமதியாகும் பொருள்களும் முதலீடும்தான் நாணய மாற்று விகிதத்தைத் தீர்மானிக்கின்றன. முடிவெட்டுக்கோ வாடகைக்கோ அதில் நேரடிப் பங்கு கிடையாது. பொருளியலாளர்கள் பெலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் 1964-இல் தனித்தனியே விளக்கியது இதைத்தான்.

ஆகவே பிபிபி நல்ல கருவிதான். நாட்டின் எண்ணை வீட்டுக்குப் பயன்படுத்துவதுதான் பிழை. அந்த 25, மொத்த உள்நாட்டு உற்பத்தி முழுவதற்கும் போட்ட எண். பாலம், இயந்திரம், ராணுவம், அரசு ஊழியர் சம்பளம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நீங்கள் பாலம் வாங்கப் போவதில்லை. உலக வங்கியின் தரவில் தனியார் நுகர்வுக்கென்று வேறொரு வரிசை உண்டு. குறைந்தபட்சம் அதையாவது எடுங்கள். சிங்கப்பூரைப் பொறுத்தவரை இரண்டு வரிசைக்கும் கணிசமான வித்தியாசம் வரும். அதுவும் சராசரிக் குடும்பத்தின் எண்தான். சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் அரசின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள், பெரும்பாலும் சொந்த வீட்டில். நீங்களோ சந்தை வாடகை கொடுக்கப் போகிறவர்.

இனி நம் கூடையைக் கட்டலாம். இங்கே தருபவை கணக்கைக் காட்டுவதற்கான உருண்டை விலைகள். உங்கள் தெரு விலையையும், அங்கே போய்த் தங்கப்போகும் பேட்டையின் விலையையும் நீங்கள்தான் போட வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ரூபாய் விலையை வெள்ளி விலையால் வகுங்கள். வருவது அந்தப் பொருளின் தனி மாற்று விகிதம். டீ 15 ரூபாய், அங்கே 1.50 வெள்ளி: விகிதம் 10. முடிவெட்டு 150, அங்கே 12: விகிதம் 12.5. கோழி கிலோ 250, அங்கே 8: விகிதம் 31. ஐபோன் 16 வெளிவந்தபோது இந்தியாவில் 79,900, சிங்கப்பூரில் 1,299: விகிதம் 61.5, கிட்டத்தட்ட வங்கி விகிதமே. இரண்டு படுக்கையறை வீட்டு வாடகை 25,200, அங்கே முழு வீவக வீடு 2,800: விகிதம் 9. உள்ளூர்க் கையும் உள்ளூர் மண்ணும் கலந்த பொருள்களுக்கு விகிதம் குறையும். கப்பலில் வருபவைக்கு ஏறும்.

பெரும்பாலோர் வழுக்குவது அடுத்த படியில், சராசரி எடுக்கும்போது. விகிதங்களைக் கூட்டி எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். டீ 10, போன் 60 என்று இரண்டே பொருள் இருப்பதாக வையுங்கள். கூட்டுச் சராசரி 35. வெள்ளிக்கு 35 ரூபாய். இதையே திருப்பிப் போடுங்கள், ரூபாய்க்கு எத்தனை வெள்ளி என்று: 0.1, 0.0167. சராசரி 0.0583. இதன்படி வெள்ளிக்கு 17 ரூபாய்தான். அதே விலைகள், இரண்டு விடைகள். பெருக்குச் சராசரி எடுத்தால் இந்தக் குழப்பம் வராது. 10-ஐயும் 60-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 24.5, எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் அதே விடை. எக்செல்லில் இதற்கு ஜியோமீன் (GEOMEAN) என்ற சூத்திரமே இருக்கிறது. ஒரே வகைப் பொருள்களுக்குள் இதைப் பயன்படுத்துங்கள். மளிகை வகையில் பொன்னி அரிசி 60/3, கோழி 250/8, பால் 48/3.2, வெங்காயம் 40/2, உளுந்து 140/5 என்று ஐந்து விகிதங்களுக்கும் பெருக்குச் சராசரி எடுத்தால் 22 வரும்.

விலை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பொன்னியை அங்கே இறக்குமதிக் கடையில்தான் பார்க்கலாம். அங்குள்ளவர் அன்றாடம் சமைப்பது தாய்லாந்து அரிசி. முழுக் கூடையையும் நம் ஊர்ப் பொருள்களாலேயே நிரப்பினால் சிங்கப்பூர் உள்ளதைவிட விலை கூடிய ஊராகத் தெரியும். அங்கத்திய உணவங்காடிச் சாப்பாட்டால் மட்டும் நிரப்பினால் சென்னை விலை கூடியதாகிவிடும். நிபுணர்களும் இதே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். அதனால்தான் சர்வதேசத் திட்டத்தில் பொருளின் ரகம், எடை, பொட்டலம், எந்த வகைக் கடை என்பது வரை எழுதிவைத்து விலை எடுப்பார்கள். அந்தப் பொருள் அந்த நாட்டு மக்கள் வழக்கமாக வாங்குவதா என்றும் குறிப்பார்கள். நம் கூடையில் பாதி இங்கத்திய வழக்கமும் பாதி அங்கத்திய வழக்கமுமாக இருந்தால் போதும். அளவில் ஏமாறாதீர்கள்: ஐந்து கிலோ மூட்டை விலையை ஒரு கிலோ பாக்கெட் விலையோடு ஒப்பிடுவதும், வரி சேர்த்த விலையை வரி சேராத விலையோடு ஒப்பிடுவதும் சாதாரணமாக நடக்கும் தவறுகள். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 ஜனவரியிலிருந்து 9 சதவீதம். உணவகங்கள் சில அதையும் சேவைக் கட்டணத்தையும் பில்லில் தனியே ஏற்றும். பயனர்கள் பதியும் விலைகளைத் திரட்டித் தரும் இணையதளங்களில், ஒரு நகரத்துக்கு எத்தனை பேர் எப்போது பதிந்தார்கள் என்று பார்த்துவிட்டே எடுங்கள். வாடகைக்கு மட்டும் அவற்றை நம்பவே வேண்டாம். வெளிநாட்டு அதிகாரிகள் வாழும் பகுதிகளின் விலையே அவற்றில் மிகுதி.

வகைகளைச் சேர்க்கும்போது எடை போட வேண்டும். சென்னைக் குடும்பம் மாதம் செலவிடுவது இப்படி: வாடகை 25,000, மளிகை 20,000, பள்ளி 12,000, போக்குவரத்து 8,000, ஆள் சேவைகள் 5,000, மின்சாரம் இணையம் 5,000, துணிமணி மின்னணுப் பொருள் 5,000. மொத்தம் 80,000. விகிதங்கள் முறையே 9, 22, 12, 25, 10, 20, 55 என்று இதே முறையில் கண்டுபிடித்துவிட்டதாக வைப்போம். ஒவ்வொன்றையும் வகுத்துக் கூட்டினால், இதே வாழ்க்கையை அங்கே அப்படியே நடத்த 5,848 வெள்ளி வேண்டும். 80,000-ஐ 5,848-ஆல் வகுத்தால் வெள்ளிக்கு 13.7 ரூபாய்.

ஆனால் அங்கே போனபின் யாரும் இதே வாழ்க்கையை நடத்துவதில்லை. துணி தேய்க்க ஆள் வைப்பதில்லை, வீட்டிலேயே தேய்க்கிறார்கள்; மின்னணுப் பொருள் மலிவாகத் தெரிவதால் அதிகம் வாங்குகிறார்கள். அங்கத்தியச் செலவு வாடகை 2,800, உணவு 1,200, பள்ளி 900, போக்குவரத்து 250, சேவைகள் 100, மின்சாரம் இணையம் 250, பொருள்கள் 300, மொத்தம் 5,800 வெள்ளி என்று கொள்வோம். இதை அதே விகிதங்களால் சென்னை விலைக்கு மாற்றினால் 91,150 ரூபாய், வெள்ளிக்கு 15.7. முதல் எண் சென்னைப் பழக்கத்தை வற்புறுத்துகிறது, இரண்டாவது சிங்கப்பூர்ப் பழக்கத்தை. இரண்டுக்கும் பெருக்குச் சராசரி 14.7. பொருளியலில் இதற்கு ஃபிஷர் குறியீடு என்று பெயர். இதுதான் உங்கள் வீட்டுக்கான பிபிபி. நாட்டு எண் 25 என்றது. வீட்டு எண் 15-க்கும் கீழே. வாடகைதான் அதை இழுத்துக் கீழே போட்டது.

இந்த 14.7-ஐ முழுச் சம்பளத்தோடும் பெருக்கிவிடக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அங்கே செலவாகும் வெள்ளிக்கு பிபிபி விகிதம். ஊருக்கு அனுப்பும் வெள்ளிக்கு வங்கி விகிதம். அனுப்பும் பணம் சிங்கப்பூரில் டீ வாங்குவதில்லை, இங்கே வீட்டுக்கடன் கட்டுகிறது. கணக்கு இப்படி வரும்: சம்பளம் 7,000, ஆண்டுக்கு 84,000 வெள்ளிக்கு அங்கத்திய வருமான வரி, கழிவுகளுக்கு முன் சுமார் 3,800, மாதத்துக்கு 300-ஐ ஒட்டி, செலவு 5,800, மிச்சம் 900. செலவு 5,800 × 14.7 = 85,260. மிச்சம் 900 × 65 = 58,500. கூட்டினால் ஏறத்தாழ 1,44,000. சென்னையில் கைக்கு வரும் 1,30,000-க்கு எதிரே வைக்க வேண்டியது இந்த 1,44,000-ஐத்தான். மூன்றரை மடங்கு என்று தொடங்கியது பத்துச் சதவீதச் சொச்சத்தில் வந்து நிற்கிறது.

சென்னைப் பக்கத்திலும் விட்டுப்போனவை உண்டு. பிஎஃப் பிடித்தமும் நிறுவனம் அதற்குப் போடும் பங்கும் உங்கள் சேமிப்பு; அவற்றைக் கூட்டுங்கள். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதியில் போகிறவருக்கு அந்த முதலாளிப் பங்கு கிடையாது. அதைவிடப் பெரியது துணைவரின் சம்பளம். கணவனோ மனைவியோ இங்கே 60,000 சம்பாதித்துக்கொண்டிருந்தால், அங்கே சார்ந்திருப்போர் அனுமதியில் போனபின் அது நின்றுபோகும். 2021 மே முதல் அந்த அனுமதியில் இருப்போர் வேலை செய்யத் தனி வேலை அனுமதி வாங்க வேண்டும். இந்த ஒரு வரியை எழுத மறந்து போட்ட கணக்குகள்தான் பிற்பாடு வீட்டில் மனக்கசப்பைக் கொண்டுவருகின்றன. பள்ளியும் அப்படியே. அரசுப் பள்ளியில் குடிமக்களின் பிள்ளைக்குச் சில வெள்ளிதான் கட்டணம்; வெளிநாட்டுப் பிள்ளைக்கு, இடம் கிடைத்தாலும், மாதம் பல நூறு. நாட்டுப் புள்ளிவிவரம் முதல் வகையைத்தான் பெரும்பாலும் பார்க்கிறது. கார் வேண்டுமென்றால் கணக்கையே மூடிவிடலாம்: பத்தாண்டுக்கு வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ் மட்டுமே 2023-இல் 1 லட்சம் வெள்ளியைத் தாண்டியது. எம்ஆர்டி ரயிலும் பேருந்தும் சிறப்பாக இருப்பதால் பலருக்குக் கார் தேவைப்படாது. அந்தத் தரத்தை விலையில் பார்க்க முடியாது. இரவு பதினொரு மணிக்குத் தனியாக நடந்து வீட்டுக்கு வரும் பெண்ணின் நிம்மதி எந்தக் கூடையிலும் இல்லை. ஆனால் முடிவில் அதற்கு எடை உண்டு, தனியே ஒரு வரியில் எழுதி வையுங்கள்.

இதே முறை ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கு வேறு விடை தரும். சம்பளம் 1,000 வெள்ளி, தங்குமிடம் முதலாளி பொறுப்பு, சாப்பாடு, போன், கைச்செலவு 350 என்று வைப்போம். முழுச் சம்பளத்தையும் பிபிபியில் போட்டால் 15,000 ரூபாய்கூட வராது. புதுக்கோட்டையிலிருந்து ஏன் போகிறார்கள் என்றே புரியாது. பிரித்துப் போடுங்கள். 350 × 14.7 சுமார் 5,150; அனுப்பும் 650 × 65 = 42,250. அந்த 42,250-உம் சென்னையில் அல்ல, இன்னும் விலை குறைந்த கிராமத்தில் செலவாகிறது. (அவருடைய 350-க்கு அவர் கூடைப்படி வேறு விகிதம் வரும், வாடகை இல்லாததால் கொஞ்சம் கூடும்.) இதிலிருந்து ஏஜெண்டுக்குக் கொடுத்ததைக் கழிக்க வேண்டும். இரண்டரை லட்சத்தை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் முதல் மாத வட்டியே 5,000. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அசலுக்கு மாதம் 10,400. ஆக முதல் மாதங்களில் 27,000-க்கும் கீழேதான் வீட்டுக்கு நிற்கிறது. போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. கடனின் அளவுதான் அவருக்குச் சம்பளத்தைவிட முக்கியமான எண்.

நாடுகளை ஒப்பிட்டுப் பட்டியல் படிப்பவர்களுக்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. 'நடப்பு சர்வதேச டாலர்', '2021 நிலையான சர்வதேச டாலர்' என்று இரண்டு வரிசைகள் இருக்கும் (சர்வதேச டாலர் என்றால் பிபிபியால் மாற்றிய டாலர்). ஒரே ஆண்டில் இரு நாடுகளை ஒப்பிட முதலாவது, ஆண்டுக்கு ஆண்டு வளர்ச்சியைப் பார்க்க இரண்டாவது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டினால் இல்லாத வளர்ச்சி முளைக்கும். 'நாளுக்கு 3 டாலர்' வறுமைக் கோடு பற்றிய செய்திகளிலும் இதே கதை. 2025 ஜூனில் உலக வங்கி அறிவித்த அந்த 3 டாலர் பிபிபி டாலர். வங்கி விகிதத்தால் பெருக்கி 250 ரூபாய் என்று எழுதுவது தவறு. 2021 விலையில் அது சுமார் 60 ரூபாய்தான். அதற்கு முன் இருந்த 2.15-உம் 1.90-உம் வேறு வேறு அடிப்படை ஆண்டுகளின் எண்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பேச முடியாது.

பிபிபி எண் கல்லில் வெட்டியதும் அல்ல. 2005-ஆம் ஆண்டுச் சுற்றின் முடிவுகள் வந்தபோது சீனா, இந்தியா இரண்டின் பொருளாதார அளவும் ஏறத்தாழ 40 சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டன. யாரும் ஓரிரவில் ஏழையாகிவிடவில்லை. இந்தியா அதற்குமுன் முழுமையாகக் கலந்துகொண்டது 1985-இல். சீனா அதுவரை கலந்துகொண்டதே இல்லை. பழைய எண்கள் ஊகத்தால் இழுத்து நீட்டப்பட்டவை. சீனாவில் விலை எடுத்தது 11 நகரங்களில் என்பதால் கிராமத்து மலிவு விடுபட்டுப்போனது என்ற விவாதமும் எழுந்தது. 2011 சுற்றில் மீண்டும் எண்கள் ஏறின. பத்துச் சதவீத வித்தியாசத்தை வைத்து ஒரு நாடு மற்றதை முந்திவிட்டது என்று கொண்டாடுவதற்கு இந்தக் கருவி ஏற்றதல்ல.

சராசரி வருமானமும் ஏமாற்றும். அயர்லாந்தின் தலா உற்பத்தி, பிபிபியில், ஐரோப்பிய ஒன்றிய சராசரியின் இரண்டு மடங்குக்கும் மேல். 2015-இல் ஒரே ஆண்டில் அதன் பொருளாதாரம் 25 சதவீதத்துக்கு மேல் 'வளர்ந்தது': பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமைகளையும் சொத்துகளையும் அங்கே கணக்கில் ஏற்றின, அவ்வளவுதான். அங்கே வாழ்பவரின் உண்மை நுகர்வைப் பார்த்தால் அது ஒன்றிய சராசரியை ஒட்டியே வருகிறது. வாழ்க்கைத் தரத்தைக் கேட்பவர் தலா நுகர்வைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் 'உண்மையான தனிநபர் நுகர்வு' என்ற பெயரில் அதைத் தருகிறது, இலவச மருத்துவமும் கல்வியும் அதில் சேரும்.

பிபிபியைத் தொடவே கூடாத இடமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் இலங்கை ரூபாய் டாலருக்கு 200-ஐ ஒட்டி இருந்தது. மே மாதம் 360. சந்தை விகிதத்தில் பார்த்தால் இரண்டே மாதத்தில் ஒவ்வொருவர் வருமானமும் கிட்டத்தட்டப் பாதியானது. காய்கறி, வாடகை, பஸ் கட்டணம் உடனே இரட்டிக்கவில்லை என்பதால் பிபிபி அவ்வளவு கொடுமையாகக் காட்டவில்லை. விலைவாசி உயர்வு உச்சம் தொட்டது செப்டம்பரில், ஆண்டுக்கு ஏறத்தாழ 70 சதவீதம். ஆனால் பெட்ரோலும் சமையல் எரிவாயுவும் மருந்தும் டாலரில் வருபவை. அவற்றுக்காக வரிசையில் நின்றவருக்குச் சந்தை விகிதம்தான் நிஜம். இறக்குமதி, வெளிக்கடன், வெளிநாட்டுப் படிப்புக் கட்டணம் எதற்கும் பிபிபி உதவாது.

கடைசியாக, தாளை மூடி வைக்காதீர்கள். சிங்கப்பூரில் 2022, 2023-இல் வாடகை வேகமாக ஏறியபோது ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில்தான் பலருக்கு அது தெரிந்தது. நம் எடுத்துக்காட்டில் அந்த ஒரு கட்டத்தை 2,800-லிருந்து 3,300 ஆக்கிப் பாருங்கள். வீட்டு விகிதம் 14.7-லிருந்து 13.5-க்கு இறங்கும். செலவு 6,300 ஆகும். அதன் சென்னை மதிப்பு அதே 85,000-தான், ஏனென்றால் வீடு அதே வீடு. மிச்சம் 900-லிருந்து 400 ஆகும். ஊருக்கு வருவது 58,500-லிருந்து 26,000. மொத்தம் 1,11,000, சென்னையில் கைக்கு வந்த 1,30,000-க்கும் கீழே. கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் இந்த இரண்டாவது வாடகையையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை வெள்ளி கூட்டிக் கேட்க வேண்டும் என்று நிறுவனத்திடம் பேசுங்கள்.